ஒரு வேகன், ஐம்பத்தெட்டு முறை

ரயில்வே கேட் மூடியிருக்கும்போது கூட்ஸ் வண்டி எண்ணாத பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது. பொம்மிடி கேட்டில் சைக்கிளை ஒற்றைக் காலால் தாங்கிக்கொண்டு நானும் எண்ணியிருக்கிறேன். நாற்பதைத் தாண்டும்போது யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், கணக்கு தப்பிவிடும். தப்பாமல் எண்ணி முடித்த நாட்களில் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: 58 நிலக்கரி வேகன், கடைசியில் கார்டு உட்கார்ந்து போகிற பிரேக் வேன். எண்ணூரிலிருந்து காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம் வழியாக மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போகும் கரி. ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டி, பாராதீப்பில் கப்பல் ஏற்றி, இங்கே இறக்கி, மறுபடியும் ரயிலில் ஏற்றுகிறார்கள் என்பதெல்லாம் அப்போது தெரியாது. எண்ணிக்கை மட்டும் மனதில் நின்றது.

வெகுகாலம் கழித்து அதே வேகனை ரயில் சிமுலேட்டருக்காகக் கணினியில் செய்ய உட்கார்ந்தேன். அந்த 58தான் என்னை முதலில் குப்புறத் தள்ளியது. பிறகு வேலை கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

கணினித் திரையில் ரயில் ஓட்டும் ஆட்டங்கள் 1980களிலேயே வந்துவிட்டன. 1996இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் ‘டென்ஷா டே கோ’ என்ற ஆட்டத்தை இறக்கியது. அதில் நீங்கள் மின்சார ரயிலின் ஓட்டுநர். நேரம் தவறாமல், பிளாட்பாரத்தில் குறித்த இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். எதிரே தண்டவாளம் ஓடிவரும். முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்பது ஆட்டத்துக்குத் தேவையில்லாத விஷயம். சரக்கு வேகனுக்கு அங்கே வேலையே இல்லை.

2001இல் கதை மாறியது. இங்கிலாந்தின் குஜு நிறுவனம் உருவாக்கிய ‘ட்ரெயின் சிமுலேட்டர்’ மைக்ரோசாஃப்ட் பெயரில் வெளிவந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலிருந்து ஆரன் நிறுவனத்தின் ‘ட்ரெயின்ஸ்’ வந்தது. இரண்டிலும் எஞ்சினை விட்டு வெளியே வந்து, வண்டி கடந்து போவதை ஓரமாக நின்று பார்க்கலாம். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு எஞ்சின் ஒரு நொடியில் போய்விடும். மிச்ச நேரமெல்லாம் வேகன்தான். மைக்ரோசாஃப்ட் ஆட்டத்தில் ஆறு ரயில் தடங்கள் இருந்தன: இங்கிலாந்து, ஆஸ்திரியா, அமெரிக்காவில் இரண்டு, ஜப்பானில் இரண்டு. அமெரிக்காவின் மரியாஸ் கணவாய்த் தடத்தில் நீண்ட சரக்கு ரயில்களை மலை ஏற்றலாம். இந்தியத் தடம் எதுவும் கிடையாது.

ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு திறந்த வாசல் இருந்தது. ஒவ்வொரு வேகனும் கணினியில் ஒரு தனிக் கோப்புறை. அதற்குள் உருவம் ஒரு கோப்பு, மேல்பூச்சு ஒரு கோப்பு, ‘இந்த வேகன் இத்தனை மீட்டர், இத்தனை டன், பிரேக் இவ்வளவு பிடிக்கும்’ என்று எழுதிய சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்று. இந்த மூன்றையும் செய்யத் தெரிந்த யாரும் தன் ஊர் வேகனை உள்ளே கொண்டுவந்து நிறுத்தலாம். மைக்ரோசாஃப்ட் இரண்டாம் பதிப்புக்கு இரண்டு தடவை முயன்று, 2004இல் ஒரு முறை, 2009இல் ஒரு முறை கைவிட்டது. அதற்குள் உலகமெங்கும் ஆர்வலர்கள் செய்து குவித்த எஞ்சினும் வேகனும் ஏராளம். அவற்றை அநாதையாக விட அவர்களுக்கு மனமில்லை. அதே கோப்புகளைப் படித்து ஓட்டுகிற ‘ஓப்பன் ரெயில்ஸ்’ என்ற இலவச மென்பொருளை அவர்களே எழுதினார்கள். அதன் முதல் முழுப் பதிப்பு 2014இல் வந்தது. 2001இல் செய்த வேகன் இன்றைக்கும் அதில் ஓடும். பெரிய நிறுவனம் கைவிட்டதை வேகன் செய்தவர்கள் பிழைக்கவைத்தார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

நான் செய்ய எடுத்தது பாக்ஸ்-என். பெயரின் முதல் எழுத்து போகியைக் குறிக்கும், கடைசி ‘என்’ காற்று பிரேக்கை. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் போகி என்றால் ரயில் பெட்டி. ரயில்வேக்காரர்களுக்குப் போகி என்றால் பெட்டிக்கு அடியில், நான்கு சக்கரங்களைப் பிடித்துக்கொண்டு வளைவில் தனியாகத் திரும்பும் இரும்புச் சட்டம். ஒரு பாக்ஸ்-என்னுக்கு அப்படி இரண்டு.

நிஜ வேகன் பிறந்ததற்கும் இந்த 58க்கும் தொடர்பு உண்டு. அதற்கு முந்தைய பாக்ஸ் வேகன் பதின்மூன்றரை மீட்டருக்கு மேல் நீளம். இந்திய ரயில்வேயில் சரக்கு ரயில் ஒதுங்கி நிற்கும் லூப் லைனுக்கு வழக்கமான அளவு 686 மீட்டர். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட கூட்ஸ் அதற்குள் அடங்கி நிற்க வேண்டும். லூப்பை நீட்டுவதென்றால் ஊர் ஊராக நிலம், சிக்னல், தடம் பிரிக்கும் பாயின்ட் எல்லாம் மாற வேண்டும். அதைவிட வேகனைச் சுருக்குவது மலிவு. லக்னோவில் உள்ள ரயில்வேயின் ஆராய்ச்சி, வடிவமைப்பு அமைப்பு, அதே எடையைத் தாங்கும் வேகனைக் குட்டையாக, உயரமாக வரைந்தது. வேகன்களைக் கோக்கும் கப்ளரின் முகத்திலிருந்து முகம் வரை 10,713 மில்லிமீட்டர். காலி எடை 22.47 டன், ஏற்றக்கூடியது 58.81 டன், கூட்டினால் 81.28. நான்கு அச்சுக்கும் பங்கு போட்டால் அச்சுக்கு 20.32 டன். 58 வேகனுக்கு 621 மீட்டர் ஆயிற்று. எஞ்சினும் பிரேக் வேனும் மிச்சத்தில் அடங்கும். பாக்ஸ்-என்னின் அந்த மொட்டையான, கழுத்தில்லாத தோற்றம் அழகுக்காக வந்ததல்ல. லூப் லைன் போட்ட கட்டளை.

அளவுகள் இவ்வளவு தெரிந்திருந்தும், வரைபடம் என்று முழுசாக ஒன்று என் கையில் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, லூப்பில் நின்ற ரேக்கை, அதாவது கோத்த வேகன் வரிசையை, பிளாட்பாரத்திலிருந்து படம் எடுத்தேன். படத்திலிருந்து அளவு எடுக்க ஓர் அளவுகோல் வேண்டுமே? அது வேகனுக்கு அடியிலேயே இருக்கிறது. அகல ரயில்பாதையில் இரு தண்டவாளத்துக்கும் நடுவே 1,676 மில்லிமீட்டர். நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் அந்த இடைவெளி எத்தனை புள்ளி என்று எண்ணினால், மற்ற எதையும் கணக்குப் போடலாம். பக்கவாட்டுப் படத்துக்கு, போகியின் இரண்டு அச்சுகளுக்கு நடுவே உள்ள 2,000 மில்லிமீட்டர். கதவின் கொக்கி எத்தனை சென்டிமீட்டர், மேல்விளிம்பின் குழாய்ச் சட்டம் எவ்வளவு தடிமன் என்றெல்லாம் இப்படித்தான் கிடைத்தது. ஒரு வாரம் என் நோட்டு முழுக்க வகுத்தல் கணக்கு.

கணினி உருவம் என்பது முக்கோணங்களால் ஆனது. தட்டையான பலகைக்கு இரண்டு முக்கோணம் போதும். வளைவு என்றால் முக்கோணம் கூடும். சக்கரத்தை 32 பக்கமுள்ள வட்டமாகச் செய்தேன். போகியின் சுருள் ஸ்பிரிங்குகளில் 12ஐ நிஜமான சுருளாகவே சுற்றினேன். ஒன்றுக்கு 640 முக்கோணம். பக்கச் சுவரின் விலா எலும்பு போன்ற சட்டங்கள், கதவுக் கீல்கள், ஏணிப்படி, கப்ளரின் முஷ்டி போன்ற தலை, அதைத் திறக்கும் கம்பி. தனியாக ஒரு வேகனைத் திரையில் சுழற்றிப் பார்த்தபோது எனக்கே கை தட்டத் தோன்றியது. மொத்தம் 14,200 முக்கோணம்.

அதை 58 ஆக்கி, முன்னால் ஓர் எஞ்சினை மாட்டிப் பொம்மிடி லூப்பில் நிறுத்தினேன். எட்டு லட்சத்து 23 ஆயிரத்து 600 முக்கோணம். என் பழைய கணினி பெருமூச்சு விட்டது. ரயில் ஓடவில்லை, பழைய சுவரொட்டிகளை ஒவ்வொன்றாகக் காட்டுவதுபோல படம் படமாகத் தத்தியது.

எஞ்சின் செய்கிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு ரயிலுக்கு எஞ்சின் ஒன்று அல்லது இரண்டு. அதில் ஆணி ஆணியாகச் செதுக்கலாம். வேகன் செய்கிறவன் ஓர் ஆணியை வைத்தால் அது 58 ஆணி. கல்யாண வீட்டுச் சமையற்காரர் உப்பு விஷயத்தில் காட்டுகிற கவனம் இதற்கு வேண்டும். இந்தத் தொழிலின் சாமர்த்தியம், எதைச் செய்யாமல் விடுவது என்பதில்தான் இருக்கிறது.

முதலில் ஸ்பிரிங் போயிற்று. 12 சுருள், 7,680 முக்கோணம். வேகனில் பாதிக்கு மேல் அவைதான் தின்றுகொண்டிருந்தன. அந்த இடத்தில் ஒரு தட்டையான தகடு, அதன்மேல் ஸ்பிரிங் படம், இடைவெளிகள் ஊடுருவித் தெரியும்படி. ஒன்றுக்கு இரண்டே முக்கோணம். பத்தடி தூரத்திலிருந்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சக்கரம் 32 பக்கத்திலிருந்து 20க்கு இறங்கியது. கீல்களின் ஆணிகளைப் பூச்சில் நிழலாக வரைந்துவிட்டேன். யாரும் பார்க்காத வேகனின் அடிப்பக்கத்தை மொத்தமாக வழித்து எறிந்தேன். அந்த அடிப்பக்கம் பின்னால் வரும்.

பிறகு தூரத்து உருவங்கள். அந்தக் காலத்துச் சினிமா பேனரைக் கிட்டே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கதாநாயகியின் கண் வெறும் நாலு தீற்றலாக இருக்கும், அண்ணா சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தால்தான் அது கண். வேகனுக்கும் அப்படி மூன்று உருவம் செய்ய வேண்டும். பக்கத்தில் நிற்பதற்கு முழு உருவம். நூறு மீட்டர் தாண்டினால் ஏணி, கொக்கி இல்லாத, எட்டுப் பக்கச் சக்கரம் கொண்ட உருவம். அதற்கும் அப்பால் சுவர்ப்படம் ஒட்டிய பெட்டி, அடியில் கறுப்புப் பட்டை. ரயில் தூரத்திலிருந்து வரும்போது மூன்றும் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். மாறுவது கண்ணுக்குத் தெரிந்தால் செய்தவன் தோற்றான். எனக்கு முதலில் தெரிந்தது: ஒவ்வொரு வேகனும் நூறாவது மீட்டரில் கண் சிமிட்டியது. நடு உருவத்தின் நிறம் ஒரு சாயல் வெளுப்பாகப் போயிருந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி.

சாதாரண எழுத்துக் கோப்பு என்று மேலே சொன்னேன் இல்லையா? அதைத் திரும்பப் பெறுகிறேன். முதல் தடவை அந்தக் கோப்பைத் திருத்திச் சேமித்ததும் என் வேகன் பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டது. எழுத்து ஒன்றும் தப்பில்லை. அந்தக் கோப்பு யூனிகோடில், அதுவும் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் வைக்கும் முறையில் இருக்க வேண்டும். என் எடிட்டர் அதைப் பழைய முறையில் சேமித்திருந்தது. உள்ளே இருப்பது ஒரே வாசகம்தான், ஆனால் ஆட்டத்துக்கு அது வேற்று மொழி. தமிழைக் கணினியில் எழுதப் பழகிய காலத்தில் எழுத்துருச் சண்டை போட்டவர்களுக்கு இந்த வலி புரியும்.

அடுத்தது சக்கரம். உருவத்தில் பாகங்களுக்குப் பெயர் வைக்கும் முறை உண்டு. முன் போகிக்கு ‘போகி1’, அதன் முதல் அச்சுக்கு ‘வீல்ஸ்11’, இரண்டாவதுக்கு ‘வீல்ஸ்12’ என்று ஆங்கிலத்தில் அச்சுப் பிசகாமல் எழுத வேண்டும். பெயர் தப்பினால் சக்கரம் சுழலாமல் சறுக்கிக்கொண்டே போகும். நான் பெயரைச் சரியாக வைத்தேன். சக்கரம் சுழலவும் செய்தது. ஆனாலும் ஏதோ உறுத்தியது. வண்டி வேகமாகப் போகிறது, சக்கரம் சோம்பலாகச் சுற்றுகிறது, செட்டியார் வீட்டுக் கிழட்டு மாட்டு வண்டி மாதிரி. பாக்ஸ்-என் சக்கரத்தின் விட்டம் புதிதில் ஒரு மீட்டர். கோப்பு கேட்டது ஆரம். நான் விட்டத்தை எழுதிவைத்திருந்தேன். ஒரு மீட்டரை அரை மீட்டர் ஆக்கியதும் சக்கரம் தண்டவாளத்தைப் பிடித்தது.

நீளத்தில் செய்த தப்பு இன்னும் சுவாரஸ்யம். இரண்டு வேகன்களின் கப்ளர் தலைகள் ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சம் புதைந்து தெரிந்தன. உருவத்தைத் திருத்தச் சோம்பல்பட்டு, கோப்பில் நீளத்தைப் பத்து சென்டிமீட்டர் கூட்டிவிட்டேன். பார்வைக்கு எல்லாம் சரியாயிற்று. அன்று இரவு லூப்பில் ரேக்கை நிறுத்திவிட்டு எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்தால், எக்ஸ்பிரஸ் வரவே இல்லை. சிக்னல் சிவப்பிலேயே நின்றது. வாலுக்குப் போய்ப் பார்த்தேன். பிரேக் வேனின் கடைசிச் சக்கரம் இன்னும் மெயின் லைன் பாயின்ட் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பத்து சென்டிமீட்டர் 58 தடவை சேர்ந்து 5.8 மீட்டர் ஆகியிருந்தது. லக்னோவில் வரைபலகைக்கு முன்னால் உட்கார்ந்து அந்த 10,713ஐ முடிவு செய்தவர்கள் எதற்காகத் தலையை உடைத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இனி பூச்சு. எனக்குப் பிடித்த வேலை இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வேகன் முழுக்க ஒரே படத்துக்குள் அடங்க வேண்டும். பாகத்துக்கு ஒரு படம் வைத்தால் கணினி ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து வரைய வேண்டும், அதுவும் 58 தடவை. ஆகவே இரு பக்கச் சுவர், முனைகள், உட்புறம், போகி, சக்கரம் எல்லாவற்றையும் தையற்காரர் ஒரே துணியில் சட்டையும் காலரும் வெட்டுவதுபோல ஒரு சதுரத்துக்குள் இடுக்கினேன். பிறகு நிறம். கரி வேகன் பழுப்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். நின்று பார்த்தால் ஒரு சுவரில் ஆறேழு நிறம் இருக்கிறது. மேலே செங்காவி பெயின்ட்டின் மிச்சம். சட்டங்களின் ஓரத்தில் புதுத் துருவின் ஆரஞ்சு. கதவு இடுக்கிலிருந்து மழைநீர் வடிந்த கறுப்புக் கோடு. அடியில் பிரேக் கட்டையிலிருந்து தெறித்த இரும்புத் தூளின் மங்கிய பழுப்பு. போகி முழுவதையும் அது போர்த்தியிருக்கும். உட்புறத்தில் துரு கம்மி, கரி உரசி உரசித் தேய்த்த இடத்தில் இரும்பு பளபளக்கும். மேல்விளிம்பு நேர்கோடாக இருக்காது. அனல்மின் நிலையத்தில் வேகனை இறக்க ஆள் வேண்டாம். டிப்ளர் இயந்திரம் வேகனை அப்படியே இறுகப் பிடித்துக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு நிமிர்த்தும். அந்தப் பிடியில் விளிம்பு நெளியும். என் முதல் வேகனின் விளிம்பு ஸ்கேல் வைத்தாற்போல நேராக இருந்தது. டிப்ளரே பார்க்காத வேகன்! நாலு இடத்தில் நெளித்தபிறகுதான் அதற்கு உத்தியோகம் பார்த்த முகம் வந்தது.

கரி தனி உருவம். வேகனுக்குள் வைக்கவும் எடுக்கவும் ஏற்றாற்போல அதைப் பிரித்தே செய்ய வேண்டும். போகும்போது லோடு, வரும்போது காலி. குவியலின் மேல் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்த வெள்ளைத் திட்டைச் சில ரேக்குகளில் மேம்பாலத்திலிருந்து பார்க்கலாம். வழியில் யாராவது கரியை அள்ளினால் வெள்ளை கலைந்து காட்டிக்கொடுக்கும். திருட்டுக்குப் போட்ட கோலம். அதையும் வரைந்தேன்.

58 வேகனிலும் ஒரே துருக்கறை, ஒரே எண் இருந்தால் கண் உடனே பிடித்துவிடும். பூச்சில் எட்டு வகை செய்து கலந்து கோத்தேன். எண்ணை மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கொடுத்தேன். இந்திய வேகன் எண்ணில் பதினொரு இலக்கம். முதல் இரண்டு வேகனின் வகை. திறந்த வேகன்களுக்கு 10 முதல் 29 வரை. அடுத்த இரண்டு சொந்தக்கார ரயில்வே. தெற்கு ரயில்வேக்கு 06. அடுத்த இரண்டு செய்த ஆண்டு, பிறகு நான்கு இலக்க வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. இரட்டை இடத்து இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கி, ஒற்றை இடத்து இலக்கங்களின் கூட்டலைச் சேர்த்து, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் அந்த இலக்கம். என் முதல் வேகனுக்கு 1006920123 வரை வைத்துக்கொண்டேன். இரட்டை இடங்கள் 12, மும்மடங்கு 36; ஒற்றை இடங்கள் 12; மொத்தம் 48. ஐம்பதுக்கு 2 குறைகிறது. ஆக 10069201232. ஆட்டத்தில் இதை யாரும் கூட்டிப் பார்க்கப் போவதில்லைதான். எனக்கு மட்டும் தப்பான எண்ணோடு வண்டியை வெளியே அனுப்ப மனம் வரவில்லை.

இவ்வளவும் ஆனபிறகு ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற டி.எக்ஸ்.ஆர்.; ரயில் புறப்படுமுன் வேகன்களைப் பரிசோதித்துத் தகுதிச் சீட்டு கொடுக்கிறவர். முப்பது வருஷம் யார்டில் நடந்தவர். துருவையும் நெளிவையும் பார்த்து மெச்சுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“காலியா, லோடா தம்பி?”

“லோடு சார். கரி தெரியுதுல்ல?”

“கரி தெரியுது. கைப்பிடி எங்க?”

“எந்தக் கைப்பிடி சார்?”

அவர் பதில் சொல்லவில்லை. “இதை அடியில போய்ப் பாக்கணும்னா எப்படி?” என்றார். மவுஸைக் கொடுத்தேன். கேமரா மெல்ல இறங்கித் தண்டவாள மட்டத்துக்குப் போய், வேகனுக்கு அடியில் நுழைந்து மேலே திரும்பியது. நான் வழித்து எறிந்த இடம். அடித்தளம் இல்லை, பிரேக் சிலிண்டர் இல்லை, கம்பிகள் இல்லை. வேகனின் வயிறு வழியாக வானம் தெரிந்தது. கரி மட்டும் அந்தரத்தில் மிதந்தது.

“நாங்க பாக்குறதே இங்கதான் தம்பி” என்றார்.

யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நான் விட்ட இடம், அவர் ஆயுள் முழுக்கக் குனிந்து குனிந்து பார்த்த இடம். என் சிக்கனத்தில் தப்பில்லை. ‘யாரும்’ என்ற சொல்லில்தான் தப்பு.

கைப்பிடியின் கதையை அவரே சொன்னார். காலி வேகன் 22 டன், லோடு வேகன் 81. ஏறக்குறைய மூன்றரை மடங்கு வித்தியாசம். இரண்டுக்கும் ஒரே பிரேக் போட முடியாது. அதனால் வேகனின் பக்கத்தில் ஒரு கைப்பிடி. லோடு ஏற்றியதும் ஒரு பக்கம் தள்ள வேண்டும், காலியானதும் மறு பக்கம். “காலி ரேக்கை லோடுல வெச்சு அனுப்பிட்டா சக்கரம் கெட்டியா பிடிச்சுக்கும், சுத்தாம இழுத்துக்கிட்டே போவும். ஒரு இடத்துல தேஞ்சு தட்டையாயிடும். அப்புறம் டக்கு டக்குனு சத்தம் போட்டுக்கிட்டே வரும், ஊருக்கே கேட்கும். லோடைக் காலியில வெச்சா அது வேற கதை. பிரேக் பத்தாது.” 58 வேகன், இரண்டு பக்கமும் நடந்து கைப்பிடி பார்ப்பது அவருடைய அன்றாடம். மழையிலும் ராத்திரியிலும் கையில் டார்ச்சோடு ஒன்றேகால் கிலோமீட்டர்.

என் எழுத்துக் கோப்பில் பிரேக் விசை ஒரே ஒரு எண்ணாகத்தான் இருந்தது. ஓப்பன் ரெயில்ஸில் காலி எடைக்கு ஒன்று, நிறை எடைக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுத இடமுண்டு. அதைப் படித்திருந்தும் தேவையில்லை என்று தாண்டியிருந்தேன். மேட்டூரிலிருந்து காலி ரேக்கைத் திரும்ப ஓட்டிவரும்போதெல்லாம் பிரேக் போட்டால் வண்டி சுவரில் முட்டியதுபோல ஏன் நின்றது என்பதற்குக் காரணம் கிடைத்தது. என் 58 வேகனும் லோடில் வைத்த கைப்பிடியோடு காலியாக ஓடிக்கொண்டிருந்தன.

அடுத்த பத்து நாள் வேகனுக்கு அடியிலேயே கிடந்தேன். நடு உத்திரம், குறுக்குச் சட்டங்கள், பிரேக் சிலிண்டர், காற்றுத் தொட்டி, சிலிண்டரிலிருந்து போகிக்குப் போகும் இழுகம்பி, கட்டை தேயத் தேயத் தானே இறுக்கிக்கொள்ளும் அட்ஜஸ்டர். எல்லாம் பக்கத்து உருவத்தில் மட்டும். நூறு மீட்டர் தாண்டினால் மறைந்துவிடும். டி.எக்ஸ்.ஆர். சார் நாலு தடவை வந்து பார்த்தார். மூன்றாவது தடவை, இழுகம்பியைச் சிலிண்டரின் தப்பான பக்கத்தில் மாட்டியிருப்பதாகச் சொன்னார். நாலாவது தடவை ஒன்றும் சொல்லவில்லை, காபி கேட்டார்.

இப்போது என் பாக்ஸ்-என்னின் முழு உருவம் 3,900 முக்கோணம். அதில் அடிப்பக்கம் 360. இரண்டு பக்கக் கைப்பிடியும் சேர்ந்து 36. மேட்டூர் போகும்போது கைப்பிடி லோடில், திரும்பும்போது காலியில்.